அகராதிக்காரர் ஒளித்து வைத்த சொல்

தெருவில் அவரை எல்லோரும் அகராதிக்காரர் என்றுதான் சொல்வார்கள். தபால்காரர்கூட அப்படித்தான் கூப்பிடுவார். ஆங்கிலம்-தமிழ்ப் பேரகராதி ஒன்றைத் தயாரிக்கும் அலுவலகத்தில் அவர் உதவிப் பதிப்பாசிரியர். வேலையில் சேர்ந்தபோது 'எம்' எழுத்து நடந்துகொண்டிருந்தது. பத்தொன்பது வருடம் உட்கார்ந்து எழுதி 'டி'க்கு வந்து சேர்ந்திருந்தார்கள்.

அலுவலகம் மூன்றாவது மாடியில். ஜன்னலைத் திறந்தால் ஒரு பஸ் பட்டறையின் பின்சுவர். உள்ளே சுவர் நெடுக இரும்பு இழுப்பறைகள், அவற்றுக்குள் அட்டைகள். ஒரு சொல்லுக்கு ஓர் அட்டை. மேலே ஆங்கிலச் சொல், அதன் கீழே உச்சரிப்பு, பிறகு பொருள், கடைசியில் அந்தச் சொல்லை யார் எங்கே எப்படி ஆண்டிருக்கிறார்கள் என்ற குறிப்பு. அட்டையின் ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்தால் அது இன்னும் முடிவாகாத பொருள் என்று அர்த்தம். பதிப்பாசிரியர் பார்த்துத் தலையாட்டினால்தான் பேனா.

பார்க்கிறவர்களுக்கு அவர் பரம சாது. குரல் உயராது, யாரையும் குறை சொல்ல மாட்டார். ஆனால் உள்ளுக்குள் சதா ஒரு புகைச்சல். சின்ன வயதில் அண்ணன் கையெழுத்தை வாத்தியார் பாராட்டினார் என்பதற்காக ஒரு மாதம் இடது கையால் எழுதிப் பார்த்தவர் அவர். அலுவலகத்தில் 'எஸ்' எழுத்தை முடித்துவிட்டு ஓய்வு பெற்ற சக ஊழியரைப் பற்றி யாராவது புகழ்ந்தால், "நல்லாத்தான் பண்ணியிருக்கார்" என்பார். வயிற்றெரிச்சல் மொத்தமும் அந்தத் 'தான்'இல் இருக்கும். கேட்கிறவர்களுக்கு அது தெரியாது. அவருக்குத் தெரியும்.

மனைவி தொடக்கப்பள்ளியில் கணக்கு டீச்சர். ஊருக்கே அவர் டீச்சர்தான். நூலகத்திலிருந்து ஆங்கில நாவல்களை எடுத்து வந்து விடைத்தாள் திருத்தும் இடைவெளியில் படிப்பார். மகள் கல்யாணமாகி வேறு ஊருக்குப் போனபின் வீடு வெறிச்சென்று ஆனது. அப்போதுதான் டீச்சர் அவற்றில் ஒரு நாவலைத் தமிழில் மொழிபெயர்க்க ஆரம்பித்தார். சாப்பாட்டு மேசையின் ஒரு பாதியில் காகிதங்கள், மறுபாதியில் தட்டுகள். பொழுதுபோகாமல் ஏதோ செய்கிறாள் என்று அகராதிக்காரர் விட்டுவிட்டார். ஒரு சிறு பதிப்பகம் அதை வாங்கி அச்சிட்டபோதும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

புத்தகம் வந்த மூன்றாம் வாரம் மருந்துக்கடைக்காரர் அவரை நிறுத்தினார்.

"சார், உங்க வீட்டம்மா புஸ்தகம் படிச்சேன். கடையிலயே உக்காந்து அழுதுட்டேன் சார். மாத்திரை வாங்க வந்தவங்க எனக்கு என்னமோ ஆயிடுச்சுன்னு பயந்துட்டாங்க."

"சந்தோஷம்" என்றார் அகராதிக்காரர். வீடு வந்து சேரும்வரை காதில் வேறு எதுவும் விழவில்லை. பத்தொன்பது வருட உழைப்பு. அகராதியில் வெளிவந்த தொகுதிகளைத் தூக்கிப் பார்த்துக் கை வலித்தவர்கள் உண்டு. படித்து அழுதவர் ஒருவர்கூட இல்லை.

அன்றிலிருந்து பென்சிலும் கையுமாக மனைவியின் புத்தகத்தைப் படித்தார். பிழைகளைத் தேடித்தான் படித்தார். நாற்பத்தொன்று கிடைத்தன. அலுவலக அட்டை ஒன்றில் வரிசையாக எழுதி, காலைத் தேநீருடன் மனைவி முன்னால் வைத்தார். அந்த முகம் சுண்டிப்போவதைப் பார்க்க வேண்டும் என்று அவருக்கு ஓர் ஆசை.

டீச்சர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார். "ஐயையோ! இதெல்லாம் எப்படி என் கண்ணுல படாமப் போச்சு? முப்பத்தேழு சரிங்க. இந்த நாலு மட்டும் வேணும்னேதான் அப்படிப் போட்டேன். எவ்வளவு பொறுமையாப் பாத்திருக்கீங்க! அடுத்த புஸ்தகத்த அச்சுக்குப் போறதுக்கு முன்னாடியே குடுத்துடறேன்."

அவர் ஓங்கிய கத்தியை வாங்கி வைத்துக்கொண்டு, காய் நறுக்கத் தோதாக இருக்கிறது என்று சொன்ன மாதிரி ஆகிவிட்டது. அன்று முழுவதும் அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

டீச்சர் மொழிபெயர்த்த இரண்டாவது நாவல் ஒரு கடற்கரைக் கிழவியின் கதை. குளிர் தேசத்தில், வடக்கே ஒரு மீனவக் கிராமம். புருஷன் கடலுக்குப் போய்த் திரும்பவில்லை. நாற்பது வருடம் பிறர் வலைகளைத் தைத்துக் கொடுத்தே அவள் வாழ்ந்திருக்கிறாள். யாரிடமும் ஒரு வார்த்தை குறைபட்டுக்கொண்டதில்லை. கதையின் முடிவில் ஊருக்குப் புதிதாக வந்த ஒரு பெண் கேட்கிறாள், இத்தனை வருடத்தை எப்படித்தான் தள்ளினீர்கள் என்று. கிழவி வலையிலிருந்து தலையைத் தூக்காமல் ஒரே ஒரு வினைச்சொல்லில் பதில் சொல்கிறாள். கதை முழுவதும் அந்தச் சொல்லின் மேல்தான் நிற்கிறது.

ஒரு சனிக்கிழமை காலை, டீச்சர் அந்தப் பக்கத்தைத் தூக்கிக்கொண்டு கணவரிடம் வந்தார்.

"ஏங்க, இது என் கைஅகராதியில இல்ல. டி, எச், ஓ, எல், இ. எப்படிச் சொல்றது, என்ன அர்த்தம்?"

அகராதிக்காரருக்கு உடம்பெல்லாம் ஒரு சிலிர்ப்பு. முந்தின வாரம்தான் அந்தச் சொல்லின் அட்டையை அவர் எழுதியிருந்தார். "தோல்" என்றார். "நாக்கைப் பல்லுல லேசாத் தொட்டுச் சொல்லணும்."

"தோலா? வாழைப்பழத் தோல் மாதிரியா?"

"அது மாதிரிதான், ஆனா அது இல்ல. ரொம்பப் பழைய வினைச்சொல். ஆயிரம் வருஷத்துக்கு முந்தி அவங்க கவிதையில பசி, குளிர், தோல்வி எல்லாத்தையும் இந்தச் சொல்லாலதான் தாங்குவாங்க. அப்புறம் லத்தீன்லேருந்து கிளம்பிப் பிரெஞ்சு வழியா வந்த சொல்லுங்க இதை ஓரங்கட்டிடுச்சு. நகரத்துல செத்துப்போச்சு. வடக்கே விவசாயி வாயிலயும் மீன்காரர் வாயிலயும் மட்டும் உயிரோட இருந்துச்சு. அந்தப் பக்கத்துக் கோர்ட்டுல ஒருத்தர் விசாரணைக்கு நிக்கிறதுக்குக்கூட இந்த வினைதான். பிற்காலத்துல கவிஞர்கள் அங்கேருந்து இதை எடுத்துக்கிட்டாங்க. வெறும் தாங்குறது இல்ல, பாரு. வாயைத் திறக்காமத் தாங்குறது. இதே எழுத்துல ஒரு பெயர்ச்சொல்லும் இருக்கு, படகுல துடுப்பைப் பிடிச்சு நிக்கிற முளை. ஆனா அது வேற வேர்."

டீச்சர் ஆசையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். "தோல்... தோள்னு கேக்குது. சுமக்கிற தோள்!"

"சத்தம் ஒத்துப்போனா சொந்தம் ஆயிடாது" என்றார் அவர் வெடுக்கென்று.

"சரி, சரி. தமிழ்ல என்ன போடலாம்? ஒரே சொல்லா வேணும்."

அவருக்கு ஒரு சொல் தெரியும். அட்டையின் ஓரத்தில் பென்சிலால் எழுதியே வைத்திருந்தார். நோல். நோன்பு என்ற சொல்லைப் பெற்றெடுத்த பழைய வினை. வந்த துன்பத்தை வாய்விடாமல் தாங்குதல் என்பது பழம்பாட்டுகளில் அதன் பொருள். பேச்சு வழக்கில் இன்று அது தனியாக நடமாடுவதில்லை. அந்த ஆங்கிலச் சொல்லைப் போலவே வயதானது, அதைப் போலவே ஊர் மறந்தது, ஓசையில்கூட அதற்கு இணையானது. பத்தொன்பது வருடத்தில் இவ்வளவு கச்சிதமாக ஒரு சொல்லுக்கு ஒரு சொல் அவருக்கு மாட்டியதே இல்லை.

வாய் வரை வந்தது. அப்போது கடையிலேயே உட்கார்ந்து அழுத மருந்துக்கடைக்காரர் நினைவுக்கு வந்தார். இதைக் கொடுத்தால் புத்தகம் இவள் பெயரில் வரும், இன்னொரு கடைக்காரர் அழுவார், சொல்லைக் கண்டுபிடித்தவன் மூன்றாவது மாடியில் பட்டறைச் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பான்.

"சகித்துக்கொள்" என்றார்.

டீச்சர் உதட்டைப் பிதுக்கினார். "சகித்துக்கொண்டேன்... ஏதோ புகார் மனுவுல எழுதுற மாதிரி இருக்கே?"

"அகராதியில அதுதான் இருக்கு."

"நீங்கதானே அகராதி எழுதுறவரு?"

"அதனாலதான் சொல்றேன்."

திங்கட்கிழமை அலுவலகம் போனதும் முதல் வேலையாக அந்த அட்டையை எடுத்து, தன் மேசையின் பூட்டுப்போட்ட இழுப்பறையில் வைத்தார். வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் நடுவே ஐந்து பஸ் நிறுத்தங்கள். டீச்சர் அங்கே வந்து இழுப்பறைகளைக் குடையப் போவதில்லை. ஆனாலும் பூட்டினார்.

அடுத்த ஒன்பது நாளும் அவருக்கு ஒரு விசித்திரமான சுகம். டீச்சர் தவித்துக்கொண்டிருந்தார். தாங்கினேன் என்று எழுதினார், அடித்தார். பொறுத்தேன் என்று எழுதினார், அடித்தார். சுமந்தேன், விழுங்கினேன், பல்லைக் கடித்தேன். துணி உலர்த்தும்போது வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தார். மகளிடம் போனில் கேட்டார். அகராதிக்காரர் செய்தித்தாளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டார். சாவி என் பையில் இருக்கிறது, நீ கதவைத் தட்டிக்கொண்டே இரு என்று நினைத்துக்கொண்டார். நடுவில் ஒருநாள் மனைவி நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்து மனசு கொஞ்சம் இளகியது. சொல்லிவிடலாமா என்று வாயெடுத்தார். அந்நேரம் பார்த்துப் பதிப்பகத்திலிருந்து போன் வந்தது. டீச்சர் சிரித்துச் சிரித்துப் பேசினார். இவர் மனசு மறுபடி இறுகிக்கொண்டது.

பத்தாம் நாள் டீச்சர் பேனாவை மூடினார். "நீங்க சொன்னதையே போட்டுட்டேங்க. உங்களுக்கே வேற தோணலன்னா தமிழ்ல இல்லவே இல்லன்னு அர்த்தம்."

அவர் செய்தித்தாளை இன்னும் கொஞ்சம் மேலே தூக்கிக்கொண்டார். "ம்" என்றார்.

புத்தகம் வந்தது. முதலில் வந்ததைவிட நன்றாகப் போயிற்று. முன்னுரையில் ஒரு வரி: கிழவியின் அந்த ஒற்றைச் சொல்லுக்குத் தமிழ் தந்த என் கணவருக்கு நன்றி. அச்சில் தன்னைப் பார்க்க வேண்டும் என்று எத்தனையோ வருடமாக ஏங்கியவர் அந்த வரியை ஒரு தடவைக்கு மேல் படிக்க முடியாமல் மூடிவைத்தார்.

நூலகத்தில் வாசகர் கூட்டம் ஒன்று நடந்தது. ஞாயிற்றுக்கிழமை மாலை, அறுபது நாற்காலிகள், பின்னால் நிற்கவும் ஆட்கள். அகராதிக்காரர் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து ஒவ்வொரு கைதட்டலையும் பல்லுக்கடியில் அரைத்துக்கொண்டிருந்தார். கேள்வி நேரத்தில், வேலை முடிந்து சீருடையோடு வந்திருந்த பெண் பஸ் கண்டக்டர் ஒருவர் எழுந்தார்.

"மேடம், தப்பா நினைக்காதீங்க. புஸ்தகம் முழுக்க அந்தக் கிழவி என் பக்கத்து சீட்டுல உக்காந்து பேசுற மாதிரியே இருந்துச்சு. நூத்தித் தொண்ணூறாம் பக்கத்துல மட்டும் யாரோ மைக்கப் புடிச்சுப் பேசுற மாதிரி ஆயிடுச்சு. 'சகித்துக்கொண்டேன்'னு சொல்றா. அவ அப்படிச் சொல்ல மாட்டா மேடம்."

அரங்கில் லேசான சிரிப்பு. பலர் தலையாட்டினார்கள். அகராதிக்காரர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். இப்போது மனைவி தன்னைக் காட்டுவாள், முன்னுரையிலேயே இருக்கிறது, அறுபது தலையும் திரும்பும் என்று நினைத்தார். அதற்குத் தோதாக முகத்தைக்கூடத் தயார் செய்துகொண்டார்.

டீச்சர் மூன்றாவது வரிசைப் பக்கம் பார்க்கவே இல்லை. "நீங்க சொல்றது சரிதான்" என்றார். "எனக்கும் அந்த இடம் உறுத்திக்கிட்டேதான் இருந்துச்சு. அது என் குறை. இன்னும் தேடியிருக்கணும்."

எல்லோரும் கைதட்டினார்கள். அதுவரை எந்தப் பாராட்டுக்கும் எழாத கைதட்டல். அகராதிக்காரருக்கு வெட்கம் வந்திருக்க வேண்டும். முதலில் அதுகூட வரவில்லை, பொறாமைதான் வந்தது. இப்படி இவளால் எப்படி முடிகிறது, என்னால் ஏன் ஒருநாளும் முடிந்ததில்லை என்று வந்த பொறாமை. அது மற்றவை மாதிரி இல்லை. நெஞ்சைச் சுட்டது.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றியவர் உள்ளே போகாமல் அங்கேயே நின்றார்.

"உங்கிட்ட ஒண்ணு சொல்லணும். அந்தச் சொல்லுக்கு எனக்கு வேற தமிழ் தெரியும். அன்னிக்கே தெரியும்."

டீச்சர் திரும்பினார். "தெரிஞ்சுமா சொல்லல?"

"சொல்லல."

"ஏன்?"

"வயிறு எரிஞ்சுச்சு" என்றார். ஐம்பத்து மூன்று வயதில் அந்த வார்த்தையை அவர் முதல்முறையாகத் தன்னைப் பற்றிச் சொன்னார்.

டீச்சர் கைப்பையை மேசைமேல் வைத்தார். "என்ன சொல்லு அது?" என்று கேட்டார்.

"நோற்றேன்."

டீச்சர் அதை இரண்டு முறை வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். பிறகு தலையை ஆட்டினார். "நல்ல சொல்லு. அழகான சொல்லு. ஆனா வலை தைக்கிறவ வாயில இது வராதுங்க. அவ என்ன செய்யுளா பாடிக்கிட்டிருக்கா?"

தங்கம் என்று பூட்டிப் பூட்டி வைத்தது பித்தளை என்று தெரிந்தவர் மாதிரி அகராதிக்காரர் நின்றார். டீச்சர் குரல் அப்போதுதான் உயர்ந்தது.

"அன்னிக்கே சொல்லியிருந்தா, அதுவும் இல்லன்னு அன்னிக்கே தெரிஞ்சிருக்கும். இன்னும் தேடியிருப்பேன். உங்கள நம்பித்தானே தேடுறத நிறுத்தினேன்? என்னை ஏமாத்தினது கிடக்கட்டும். அந்தக் கிழவி புஸ்தகம் முழுக்க வாயே திறக்காதவ. கடைசியா ஒரே ஒரு வார்த்தை பேசுறா. அதைப் போய்க் கெடுத்துட்டீங்களே!"

பதினொரு நாள் அந்த வீட்டில் பேச்சில்லை. தேவையானவை மட்டும் பேசப்பட்டன. கேஸ் முடியப்போகிறது, பிளம்பர் வருவார், கதவைச் சாத்துங்கள். டீச்சர் பள்ளிக்கூடம் போனார், வந்தார், விடைத்தாள் திருத்தினார். மேசையின் காகிதப் பாதி காலியாகக் கிடந்தது. அகராதிக்காரர் யாரும் சொல்லாமலே பாத்திரம் துலக்கினார், துணி மடித்தார். அவர் மடித்த துணியை டீச்சர் பிரித்து மறுபடி மடித்து வைத்தார்.

பன்னிரண்டாம் நாள் காலை மகள் போன் செய்தாள். டீச்சர் கூடத்தில் ஸ்பீக்கரைப் போட்டுவிட்டு முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். அகராதிக்காரர் பக்கத்து அறையில். மகளின் குரல் சுவரைத் தாண்டி வந்தது.

"அப்பா பண்ணது எனக்கே ஆறலம்மா. வேற யாராவதுன்னா பரவாயில்ல. எப்படிம்மா இந்த மனுஷனோட இருபத்தேழு வருஷம் ஓட்டினே?"

"எப்படி ஓட்டினேன்?" என்றார் டீச்சர். கீரையிலிருந்து தலையைத் தூக்கியிருக்க மாட்டார். "இருந்தேன்."

பிறகு சத்தமே இல்லை. மகள் "அம்மா? அம்மா, லைன்ல இருக்கியா?" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. அகராதிக்காரர் எட்டிப் பார்த்தார். டீச்சர் ஈரக் கையோடு புத்தகத்தைத் திறந்து, நூற்றுத் தொண்ணூறாம் பக்கத்தில் ஒரு சொல்லை அடித்து மேலே இன்னொன்றை எழுதிக்கொண்டிருந்தார்.

எழுதி முடித்து நிமிர்ந்தவர், கதவோரம் நின்ற கணவரைப் பார்த்தார். கோபம் இன்னும் தீரவில்லை. ஆனால் கிடைத்ததை யாரிடமாவது காட்டாமல் இருக்க முடியவில்லை.

"கேட்டீங்களா?"

"கேட்டேன்."

"எப்படி இருக்கு?"

அவருக்குள் எல்லாம் ஒன்றாகக் கொதித்தது. அது தன்னைப் பற்றிச் சொல்லப்பட்ட சொல் என்ற வலி. ஒன்பது நாள் அவள் தேடியபோதும், பத்தொன்பது வருடமாகச் சொற்களையே தான் தேடியபோதும், தமிழின் மிகச் சாதாரண வினைச்சொல் வாசலிலேயே உட்கார்ந்திருந்தது என்ற ஆத்திரம். அதைத் தான் கண்டுபிடிக்கவில்லை என்ற பழைய எரிச்சல். "நல்லாத்தான்..." என்று ஆரம்பித்தார். அங்கேயே நிறுத்தினார். "நல்லா இருக்கு" என்றார்.

மறுநாள் அலுவலகத்தில் பூட்டைத் திறந்து அட்டையை எடுத்தார். பென்சிலால் எழுதிய 'நோல்' இருந்த இடத்திலேயே இருக்கட்டும் என்று விட்டார். அதன் கீழே 'இரு' என்று எழுதி, நீளமாக ஒரு குறிப்பும் சேர்த்துப் பதிப்பாசிரியர் முன் வைத்தார்.

"நோல் பிரமாதம்" என்றார் பதிப்பாசிரியர். "இதென்ன 'இரு'? இது 'பி' எழுத்துல, 'பி, இ'ங்கிற ரெண்டெழுத்துச் சொல்லுக்கு எப்பவோ போட்டாச்சே. இங்க எதுக்கு?"

"அது வேற இரு ஐயா. கஷ்டத்துல ஓடாம, கத்தாம இருக்கிறது. பேச்சுல வர்றப்ப இதுதான் சரியான பொருள்."

"யாரோட பிரயோகம்?"

அகராதிக்காரர் அட்டையை அவர் பக்கம் இன்னும் கொஞ்சம் நகர்த்தினார். "என் மனைவியோடது."

பதிப்பாசிரியர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். ஒரு வாரம் இழுத்தடித்தார். யாருடைய சொல்லுக்காகவும் அதுவரை மல்லுக்கட்டாத அகராதிக்காரர் தினமும் அவர் மேசைக்கு முன்னால் போய் நின்றார். ஒருவழியாக இரண்டு சொல்லும் பேனாவுக்கு மாறின.

நாவலின் இரண்டாம் பதிப்பு அந்த வருடமே வந்தது. அகராதிக்காரர் முதலில் பிரித்தது முன்னுரையைத்தான். அவருக்கு நன்றி சொன்ன வரியை டீச்சர் எடுத்துவிட்டிருந்தார். அவருக்கு அது நியாயம் என்றே பட்டது. ஆனாலும் வலித்தது.

அவர் குணம் அடியோடு மாறிவிட்டது என்று சொன்னால் பொய். டீச்சர் அதற்குப் பிறகு ஐந்து நாவல்களை மொழிபெயர்த்தார். ஒவ்வொன்றும் வந்தபோது அவர் வயிறு எரிந்தது. 'யூ' எழுத்தின் நடுவில் ஓய்வு பெற்றபோதும் எரிந்துகொண்டுதான் இருந்தது. மாறியது ஒன்றே ஒன்று. ஒளித்து வைப்பதை விட்டுவிட்டார். புத்தகக் கட்டு வீட்டுக்கு வரும் நாளில் டீச்சர் அதைப் பிரிக்கும்போது, நேராகப் போய் நின்று சொல்லிவிடுவார்.

"இன்னிக்கு எனக்கு ரொம்பப் பொறாமையா இருக்கு."

டீச்சர் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார். "அப்படியா? சரி, அந்தச் சூட்டோட மாடித் தொட்டியைக் கழுவிட்டு வந்துடுங்க" என்பார்.

அவரும் வாளியை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போவார்.